குஞ்சம்மாள் மருந்துக்கு ஓர் இடம்

“அந்தம்மா மருந்துக்கு என் கடையில எடம் கெடையாது.”

சொல்லிவிட்டு மாயவன், ஃபிரிட்ஜுக்குள் கலர் பாட்டில்களை அடுக்க ஆரம்பித்தார்.

அனிட்டாவும் இலக்கியாவும் கடை வாசலிலேயே நின்றார்கள். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கரியாலூரில் இறங்கி, அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார்கள். உட்காரச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

இருவரும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வாரத்தில் இரண்டு நாள், ஆஸ்பத்திரியில் மாணவர்கள் போட்டிருக்கும் உதவி மேஜையில் உட்காருவார்கள். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு நோயாளியிடம் பேசுவது இவர்கள் வேலை. வீட்டில் அரிசி இருக்கிறதா, ரேஷன் கார்டு இருக்கிறதா, அடுத்த தடவை வர பஸ் உண்டா என்று கேட்பார்கள். இல்லாதது எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, மனு எழுதி, கூடவே போய் வாங்கித் தருவார்கள்.

அப்படி அந்த மேஜைக்கு வந்தவர்தான் குஞ்சம்மாள். ஐம்பது வயது, தனி ஆள், மலையில் கொஞ்சம் சாமை விளையும் நிலம். மாதாமாதம் இன்சுலின் வாங்கிப் போனார். சர்க்கரை மட்டும் நானூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஊசியை ஒழுங்காகப் போடுவதில்லை என்று எல்லோரும் அவரைத் திட்டினார்கள். மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டது அனிட்டா ஒருத்திதான்.

“அடுப்புக்கு மேல பரண்ல. கீழ வெச்சா எலி உருட்டிக்கினு போயிடுது.”

சூட்டில் அத்தனை மருந்தும் கெட்டுப்போயிருந்தது. ஈர மணல் போட்ட பானைக்குள் வைக்கச் சொன்னார்கள். அந்த வாரமே ஆட்டுக்குட்டி முட்டி, பானையோடு மருந்தும் உடைந்தது. ஊரில் ஃபிரிட்ஜ் இருந்தது ஒரே இடத்தில். அருவி பார்க்க வருகிறவர்களுக்குக் கூல்டிரிங்ஸ் விற்கும் மாயவன் கடையில். இரண்டு சின்ன பாட்டில் வைக்க ஓர் ஓரம் போதும் என்று கேட்கத்தான் வந்தார்கள்.

அவர் ஏன் அப்படிப் பேசினார் என்பது குஞ்சம்மாள் வீட்டில் தெரிந்தது. நிலத்துக்குப் போகும் வழியில் மாயவன் வேலி போட்டுவிட்டார். குஞ்சம்மாள் கேஸ் போட்டார். ஆறு வருஷமாக நடக்கிறது.

“அந்தாள்கிட்டயா போய்க் கேட்டீங்க?” குஞ்சம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. “செத்தாலும் அந்தாள் பொருளு எனக்கு வாணாம். எனக்காகப் போயி இன்னொரு தபா அந்த வாசல்ல நிக்காதீங்க பாப்பா.”

திரும்பும் பஸ்ஸில் இலக்கியா நோட்டை எடுத்து, ‘கடைக்காரர் மறுத்துவிட்டார்’ என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, ‘மனுஷனே இல்லை’ என்றும் சேர்த்தாள்.

ஆனால் இருவரும் விடவில்லை. பழைய ஃபிரிட்ஜ் ஒன்று கிடைக்குமா என்று கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் சங்கம், கடை என்று இருபது பேருக்குக் கடிதம் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து, அந்த ஊர் பால்வாடி டீச்சர் ராணியம்மாள் போன் செய்தார். சின்னசேலத்திலிருந்து யாரோ ஒருத்தர் பால்வாடிக்கு ஃபிரிட்ஜ் அனுப்பியிருக்கிறாராம். குஞ்சம்மாள் மருந்தை உள்ளே வைத்தாகிவிட்டதாம்.

எந்தக் கடிதம் பலித்தது என்று தெரியவில்லை. ஏதோ ஒன்று பலித்துவிட்டது.

மூன்றாம் மாதம் குஞ்சம்மாளின் சர்க்கரை நூற்று அறுபதுக்கு வந்தது. டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டுப் பாராட்டினார். குஞ்சம்மாள் ரிசல்ட் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் காட்டினார்.

“இந்தப் பொண்ணுங்க பண்ணது. எங்க ஊருக்கே நடந்து வந்துச்சிங்க.”

அன்று சாயந்திரம் அனிட்டா இதை அப்பாவிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவர் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார்.

கல்லூரி மலருக்குப் படமும், ஃபிரிட்ஜ் கொடுத்தவர் பெயரும் வேண்டும் என்றார்கள். மே மாதத்தில் இருவரும் மறுபடி மலை ஏறினார்கள். பால்வாடியில் படம் எடுத்துக்கொண்டு பெயரைக் கேட்டபோது ராணியம்மாள் தயங்கினார். பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றார். நன்றி சொல்லாமல் எப்படி இருப்பது என்று அனிட்டா வற்புறுத்தினாள்.

“அப்படின்னா மாயவன் கடையில போய்க் கேட்டுக்கோங்க” என்றார் டீச்சர், சின்னக் குரலில்.

கடையில் ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் அரிசி மூட்டை நின்றது. கலர் பாட்டில்கள் ஓர் அண்டாத் தண்ணீரில் மிதந்தன. அருவிக்கு வந்த இளைஞர்கள் நான்கு பேர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாங்காமல் போனார்கள். ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று மாயவன் ஊருக்குச் சொல்லியிருந்தாராம்.

இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள். அனிட்டாதான் கேட்டாள்.

“அப்போ அந்த வேலியையும் எடுத்துடுவீங்களாண்ணே?”

“அத இன்னாத்துக்கு எடுக்கணும்? அது என் எடம். திங்கக்கெழம வாய்தா இருக்குது, வக்கீலு வெச்சிருக்கிறேன்.”

மாயவன் அண்டாவில் இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பேரு கீரு எழுதிடாத பாப்பா. என் ஃபிரிட்ஜுன்னு தெரிஞ்சா அந்தம்மா ஊசிய நிறுத்திடும். அப்பறம் நான் யாரோட கேஸ் நடத்துறது?”