எட்டாவது மாடியில் பாத்ரூம்

பி விங்கின் எட்டாவது மாடியில் நின்றுகொண்டு, பாத்ரூம் எங்கே என்று மெல்லிய குரலில் கேட்டார் பத்மஜா மேடம்.

கட்டி முடித்த வீடுகளின் கணக்கைச் சரிபார்க்க ஆபீஸிலிருந்து வந்தவர். கையில் கணக்கு ஏற்றிய டேப்லெட், முகமெல்லாம் வியர்வை.

"உங்க டேப்ல இருக்கு மேடம். நல்லாப் பாருங்க" என்றாள் முப்பிடாதியக்கா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

டேப்பில் உண்மையிலேயே இருந்தது. தாராவியில் எங்கள் கட்டடத்தின் ஏ விங், பி விங் இரண்டும் முடிந்துவிட்டன, நூற்று அறுபத்தெட்டுக் குடும்பங்களும் குடியேறிவிட்டன, வீட்டுக்கு ஒரு பாத்ரூம், ஒரு குழாய் என்று நகரத்தின் இந்த வருடக் கணக்கில் ஏறியிருந்தது.

ஏ விங்கைப் பொறுத்தவரை அது சரிதான். பி விங்கில் சுவர் மட்டும்தான் எழும்பியிருந்தது.

குடியேறிவிட்டோம் என்று கணக்கு சொல்வதால், பி விங்குக்காகக் காத்திருக்கும் எண்பத்துநாலு குடும்பங்களும் வீடு முடியும்வரை தங்கவைத்திருந்த டிரான்சிட் கேம்ப்பைத் திங்கட்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். தகரக் கொட்டகைதான். ஆனாலும் அதை விட்டால் எங்களுக்குத் தெருதான்.

ஆபீஸ்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கூத்தை ஆரம்பித்தது நாங்கள்தான்.

கார்த்திகை முடியப் போகிறது, மார்கழி பிறந்துவிட்டால் தை வரை பால் காய்ச்ச முடியாது, நல்ல முகூர்த்தத்தை விடலாமா என்று ஒரே பேச்சு. வாட்ச்மேனைக் கெஞ்சி மேலே ஏறினோம். கதவே இல்லாத வீட்டுக்கு மாவிலைத் தோரணம் கட்டினோம். செங்கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தோம். வேதக்காரக் குடும்பங்கள் மட்டும் சும்மா இருப்போமா? ஃபாதரைக் கூட்டிவந்து வீடு மந்திரித்துக்கொண்டோம்.

அன்றைக்கென்று பார்த்து வந்த ஆபீஸ் எஞ்சினியருக்கும் ஒரு டம்ளர் பால் கொடுத்தோம். குடித்துவிட்டு, எங்களைச் சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

புகை, அடுப்பு, பிள்ளைகள், பட்டுச் சேலை. அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகு, யாரும் குடியேறவில்லை என்று கரடியாகக் கத்தினாலும் ஆபீஸில் யார் நம்புவார்கள்?

பத்மஜா மேடமும் காலையில் கேம்ப்பில் என் வீட்டு வாசலுக்கு வந்ததும் அதைத்தான் நீட்டினார்.

"அடுப்பு எரியுது, பால் பொங்குது. அப்புறம் எப்படிக் குடியேறலன்னு சொல்றீங்க?"

முப்பிடாதியக்கா வாதாடவில்லை. வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று மோர் கொடுத்தாள். குடித்ததும் இன்னொரு டம்ளர் கொடுத்தாள். போதும் என்றவரிடம், இஞ்சி தட்டிப் போட்டது, சூட்டுக்கு நல்லது என்று இன்னும் ஒன்று. பிறகு, வாங்க மேடம், வீட்டைப் பார்க்கலாம் என்று லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் கூட்டிக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று நிதானமாகச் சுற்றிக் காட்டினாள்.

அக்கா நல்லவள்தான். மனசில் ஒன்றை நினைத்துவிட்டால் மட்டும் கிராதகி.

இப்போது மேடம் ஒரு வீட்டுக்குள் போனார். பாத்ரூம் இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்ட் மூட்டைகள். அடுத்த வீட்டில் உடைந்த ஓடுகள். அதற்கடுத்த வீட்டில் முட்டை மேல் உட்கார்ந்திருந்த புறா எங்களை முறைத்தது. பி விங்கில் குடியேறியிருந்தது அது ஒன்றுதான்.

மேடம் திரும்பி வந்து கால் மாற்றிக் கால் நின்றார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அவர் டேப்பைத் தூக்கிப் பிடித்தார். சிமெண்ட் மூட்டையைப் போட்டோ எடுத்தார். புறாவையும் எடுத்தார். பி விங்குக்கு நேராக இருந்த 'முடிந்தது' என்பதை 'முடியவில்லை' என்று மாற்றினார். நூற்று அறுபத்தெட்டு எண்பத்துநாலு ஆனது. அங்கேயே நின்று ஆபீஸுக்குப் போன் போட்டு, கேம்ப் நோட்டீஸை இன்றைக்கே எடுக்கச் சொன்னார். மறுமுனையில் யாரோ இழுத்தார்கள் போலிருக்கிறது. நானே நேரில் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று அதட்டினார். எடுத்துவிடுகிறோம் என்று பதில் வந்தது.

ஜன்னல் வைக்காத ஓட்டையில் தலையை நீட்டினேன். கேம்ப்பே கீழே கூடியிருந்தது. க்யா ஹுவா, என்ன ஆச்சு என்று தௌசீப் பாய் கையை ஆட்டிக் கேட்டார்.

"நமக்கு வீடே இல்லன்னு எழுதிட்டாவ" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

விசில் பறந்தது. பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்துப்போட்டுத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வீடு இல்லை என்பதற்காக இப்படி ஆடிய சனத்தை இந்த ஊர் பார்த்திருக்காது. ஜெயித்துவிட்டோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா மேடத்தின் கையைப் பிடித்து விறுவிறுவென்று கீழே கூட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கேம்ப் பக்கம் அவள் திரும்பவில்லை. நேரே ஏ விங்குக்குள் நுழைந்தாள். தரைத்தளத்தில் ஒரு கதவின் முன் நின்று, இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் திறந்தாள். உள்ளே வெள்ளை டைல்ஸ் மின்னியது. மேடம் ஓடினார்.

கொஞ்ச நேரம் கழித்து, முகம் கழுவி வெளியே வந்து கேட்டார்.

"இது யார் வீடு?"

"என் வீடுதான் மேடம். குடிவந்து ஒரு வருசமாச்சு."

"உங்களுக்குத்தான் வீடு வந்தாச்சே. அப்புறம் எதுக்கு அந்தக் கட்டடத்துல அவ்வளவு தூரம் ஏறினீங்க?"

அக்கா என்னைக் காட்டினாள்.

"கேம்ப்ல இருந்தப்ப இவளுக்கும் எனக்கும் நடுவுல ஒரு தகரம்தான். ராத்திரி இவ இருமுத சத்தம் கேட்டாத்தான் எனக்கு உறக்கம் வரும். இங்கன வந்ததுல இருந்து சரியா உறங்கல மேடம். இவள எங்கயோ துரத்திட்டா நான் என்ன செய்ய?"