வயிற்றுக்குள் ஒரு விளக்கு

"வேண்டாமுங்க டாக்டரம்மா. என் தங்கச்சி பயந்த புள்ளைங்க. வயித்துல ஓட்டை போட்டுப் பாக்கறதெல்லாம் எதுக்குங்க? மாத்திரையே குடுத்துருங்க."

அஞ்சலை கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் லோயிஸ் சிரித்தார்.

"ஏழு வருஷமா மாத்திரைதானே முழுங்குறா? ஓட்டைன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. தொப்புள் மடிப்புல அரை இஞ்ச். அது வழியா பென்சில் தடிப்புல ஒரு குழாய் போகும். நுனியில விளக்கு எரியும். உள்ளே இருக்கிறதெல்லாம் டி.வி.யில தெரியும். நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

குன்னூருக்கு அந்த மெஷின் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதைக் கேள்விப்பட்டு மஞ்சூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள் மூன்று பேரும்: அஞ்சலை, அவள் தங்கை பாலாமணி, தங்கையின் புருஷன் ஏகநாதன். கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் பாலாமணியின் வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டாகவில்லை. ஏகநாதனின் அம்மா பிக்கட்டியில் வேறு பெண்ணே பார்த்து வைத்துவிட்டாள். இவளுக்கு என்ன கோளாறு, சரியாகுமா ஆகாதா என்று தை பிறப்பதற்குள் தெரிந்தாக வேண்டும். ஆகாது என்றால் பெட்டி படுக்கையோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான்.

தாயில்லாத பாலாமணியை வளர்த்தவள் அஞ்சலை. கோயில், பூசாரி, நாட்டு வைத்தியர் என்று ஏழு வருஷமாகத் தங்கையை இழுத்துக்கொண்டு அலைந்தவளும் அவள்தான். பெற்றவள்கூட இவ்வளவு செய்யமாட்டாள் என்று எஸ்டேட் லயன் வீடுகள் முழுக்கப் பேச்சு.

"நீ பயப்படாதே அக்கா," என்று பாலாமணிதான் அவளுக்குத் தைரியம் சொன்னாள். "எனக்கு என்னன்னு தெரிஞ்சாப் போதும். ஒவ்வொருத்தி வளைகாப்புலயும் என்னை ஒதுக்கி நிக்க வெக்கறது இனித் தாங்காதுக்கா."

அஞ்சலை தங்கையின் தலையைக் கோதிவிட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஏற்பாடு இருந்தது. பின்னால் பேச்சு வளரக் கூடாது என்று, சொந்தக்காரர் ஒருவரை டி.வி. பக்கத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் நேரிலேயே காட்டிவிடுவார்கள். ஏகநாதனுக்கு ரத்தம் என்றாலே தலை சுற்றும்.

"நீங்களே போங்க அக்கா," என்று அவன் ஒதுங்கிக்கொண்டான்.

பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு அஞ்சலை உள்ளே போனாள். பாலாமணி மயக்கத்தில் கிடந்தாள். காற்று ஏற்றிய வயிறு ஏழு மாதக் கர்ப்பிணியின் வயிறு போல மேடிட்டிருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

டி.வி.யில் ரோஸ் நிறத்தில் என்னென்னவோ நகர்ந்தன. பிறகு படம் ஓரிடத்தில் நின்றது. டாக்டரின் முகம் மாறியது.

"சிஸ்டர், முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன் டாக்டர். இல்லைன்னுதான் சொன்னாங்க," என்றாள் நர்ஸ் பெட்டி.

"பாருங்கம்மா," என்று டாக்டர் அஞ்சலையிடம் திரும்பினார். "இதுதான் கருக்குழாய். இதை மடக்கி ரப்பர் வளையம் மாட்டியிருக்கு. அந்தப் பக்கமும் இதே மாதிரிதான். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். இப்ப நான் போன மாதிரியே தொப்புள் வழியாப் போய்ப் பண்ணியிருக்காங்க. அதான் தழும்பு வெளியே தெரியல. அப்புறம் சீழ் பிடிச்சு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு. இதை இனி யாராலயும் சரிபண்ண முடியாதும்மா."

அஞ்சலை டி.வி.யை விட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

வராந்தாவில் விஷயத்தைக் கேட்ட ஏகநாதன் கத்தத் தொடங்கினான்.

"எங்க ஊட்டுக்கு வந்தப்புறம் அவ தனியா எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலீங்க. அப்ப கல்யாணத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்கா! ஏனுங்க அக்கா, வளர்த்தவ நீங்க. உங்களுக்குத் தெரியாம நடந்திருக்குமா? கெட்டுப்போனவளையா என் தலையில கட்டுனீங்க?"

"விசாரிக்காம வார்த்தையை விடாதீங்க," என்று டாக்டர் அதட்டினார். அவன் காதில் அது விழவில்லை. அஞ்சலையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். என் தங்கை அப்படிப்பட்டவள் இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும், நின்று கேட்டிருப்பான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மாப்ளே," என்றாள் அஞ்சலை.

"அப்ப அவளை உங்க ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிருங்க." திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

மத்தியானம் பாலாமணி கண் விழித்தாள். "அவரு எங்கேக்கா?"

"டீ குடிக்கப் போயிருக்காரு கண்ணு."

வலது தோளைப் பிடித்துக்கொண்டு அவள் முனகினாள். நாடி பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் பெட்டி, "தோள்பட்டை வலிக்குதா? வயித்துல காத்து ஏத்தினா அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல போயிடும்," என்றாள்.

"தெரியுங்க சிஸ்டர்." மயக்கம் முழுதாகத் தெளியாத பாலாமணி அக்காவின் கையைத் தேடிப் பிடித்தாள். "அக்கா, என் கல்யாணத்துக்கு முன்னாடி எஸ்டேட் ஸ்கூல்ல வெளியூர் டாக்டருங்க வந்து கேம்ப் போட்டப்ப, சத்து ஊசிதான், பேர் கேட்டா அஞ்சலைன்னு சொல்லுன்னு என்னை உள்ளே அனுப்புனியே? உனக்குப் பதிலா உன் பேருல தேயிலைக் கொழுந்து பறிக்கப் போற மாதிரிதான்னு நானும் போய்ப் படுத்தேன். அன்னிக்கும் இப்படியேதான் வலிச்சுது."

பெட்டி மெல்ல நிமிர்ந்து அஞ்சலையைப் பார்த்தாள்.

அந்தக் கேம்ப்பில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பெயர் எழுதப்பட்டிருந்த அஞ்சலைக்கு அப்போது பிறந்திருந்த இரண்டும் பெண். அவள் ஆசைப்பட்ட பையன் அதற்கு அடுத்த வருஷம் பிறந்தான்.