ஒண்ணுமே படிக்கலடி

"மறுபடியும் அந்த அட்டை ஒட்டிக்கிச்சு பாருங்க" என்றாள் அம்மா, மகளின் அறைப் பக்கம் முகவாயைக் காட்டி.

அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "யாரு?"

"வேற யாரு, இவ கிளாஸ்ல முதல் மார்க் வாங்கறாளே, அந்த மகராசிதான். பரீட்சை தலைக்கு மேல வந்தாச்சு. தினம் காலையில போன் பண்ணி, 'நான் ஒண்ணுமே படிக்கலடி, சொல்லிக்குடுடி'ன்னு ஒரே அழுகை. நம்ம பொண்ணு தன் படிப்பை விட்டுட்டு அவளுக்குப் பாடம் நடத்துது."

"நம்ம பொண்ணா? பாடமா?"

அவர் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. போன பரீட்சையில் இரண்டு பேப்பரில் கோட்டை விட்ட பெண் அவள். கேள்வித்தாளைப் பார்த்ததும் கை நடுங்கி, படித்த கொஞ்சமும் மறந்து, பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா காலேஜுக்கு ஒரு கும்பிடு. வீட்டோட இருந்துடறேன்" என்று அறிவித்தும் விட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிற பெண்ணில்லை.

"உன் சிநேகிதி நல்லாப் படிக்கிறவதானே, அவகிட்ட கேட்டுக்கோயேன்" என்று அப்பா அப்போதே சொல்லிப் பார்த்தார்.

"அவ எதிர்ல போய் மக்கு மாதிரி உட்காரணுமாப்பா? செத்தாலும் மாட்டேன்."

ரோஷத்தில் மட்டும் எப்பவும் அவள்தான் முதல் மார்க்.

இப்போது அறைக்குள்ளிருந்து அவள் குரல் கணீரென்று கேட்டது.

"இங்க பாருடி, திட்ட விலகல்னா பயப்படாதே. எங்கப்பா ஆபீஸ்லேருந்து வர்றதை எடுத்துக்கோ. சராசரி பார்த்தா, பொழுது சாயற நேரத்துக்கு ஒழுங்கா வீடு வந்து சேர்ற மனுஷன். ஆனா ஒருநாள் வெயில் இறங்கறதுக்கு முன்னாடியே வந்து நிப்பார். ஒருநாள் சாப்பாடெல்லாம் ஆறினப்புறம் வருவார். சராசரியை வச்சு ஆளை எடை போடக்கூடாது. விலகலைப் பார்க்கணும்."

"என் மானத்தை வச்சா பாடம் நடத்தணும்?" என்றார் அப்பா.

"உள்ளதைத்தானே சொல்றா" என்றாள் அம்மா. ஒரு எழுத்துகூடப் படிக்காமல் அவளுக்கே திட்ட விலகல் புரிந்துவிட்டது.

"போகட்டும் விடு. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்வாங்க."

"அதெல்லாம் பழமொழிக்கு நல்லா இருக்கும். பரீட்சைக்கு ஆகாது. இவளை உறிஞ்சிட்டு அவ முதல் மார்க் வாங்கிடுவா. நம்மவ வீட்டோட உட்காருவா. நாளைக்கு வரட்டும் போன், நானே எடுக்கறேன்."

சொன்னபடியே செய்தாள். மறுநாள் மகள் குளிக்கப் போயிருந்த நேரம் போன் அடித்தது.

"நீ படிக்கலன்னா அது உன் தலையெழுத்து. என் பொண்ணு தலையை எதுக்கும்மா தின்னுற? ஒரு பேப்பர் போனாலும் அவ படிப்பே நின்னுடும், தெரியுமா உனக்கு?"

மறுமுனையில் சிநேகிதி குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியும் ஆன்ட்டி. அதனாலதான்."

"என்ன அதனாலதான்?"

"நான் எல்லாத்தையும் எப்பவோ படிச்சு முடிச்சாச்சு ஆன்ட்டி. நான் சொல்லித்தரேன்னு வந்தா அவ கதவைச் சாத்திக்குவா. எனக்குப் புரியலன்னு நான் அழுதா, எனக்காக முதல் நாளே உட்கார்ந்து படிச்சு வச்சிருக்கா. சொல்லிக்குடுக்கும்போது அவ குரல் நடுங்கறதே இல்ல, கவனிச்சீங்களா? தயவுசெஞ்சு அவகிட்ட சொல்லிடாதீங்க. பரீட்சை முடியற வரைக்குமாவது."

இந்தத் தங்கத்தையா அட்டை என்றோம் என்று அம்மாவுக்கு மனசு குத்தியது.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் போனை நீட்டினாள். "உன் சிநேகிதிக்கு ஏதோ புரியலையாம். பாவம், பொறுமையாச் சொல்லிக்குடு."

"நேத்து அட்டைன்னியே?" என்றார் அப்பா.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அம்மாவின் வாயில் ஒரு ரகசியம் ஊறக்கூட நேரம் கிடைக்காது. அப்பேர்ப்பட்டவள் பரீட்சை முடிகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மகள் பரீட்சை எழுதிவிட்டு வந்து, "கேள்வித்தாளைப் பார்த்ததும் கை நடுங்கிச்சும்மா. அப்புறம் ஒவ்வொரு கேள்வியையும் அவ போன்ல கேக்கறதா நினைச்சுக்கிட்டேன். கடகடன்னு வந்துடுச்சு" என்றபோதுகூட வாயைத் திறக்கவில்லை.

ரிசல்ட் வந்தது. எல்லா பேப்பரிலும் பாஸ். அப்பா இனிப்பு வாங்கி வர ஓடினார். அம்மா மகளைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"அடியே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் சிநேகிதி இருக்காளே…"

"எல்லாம் படிச்சு முடிச்சுட்டுத்தான் எனக்கு போன் பண்ணினா. அதானேம்மா?"

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"எங்கெங்க எனக்கு உதைக்கும்னு பார்த்துப் பார்த்து, சரியா அந்த இடத்துலயே சந்தேகம் கேட்டா. ஒண்ணுமே படிக்காதவளுக்கு அது எப்படித் தெரியும்? ரெண்டாம் நாளே எனக்குப் புரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியும்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதே."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப உனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்திருக்கணுமே?"

"வரத்தான் வந்தது. ஆனா காலேஜுக்கே முதலா வர்றவ, எனக்காகத் தினம் காலையில மக்கு வேஷம் போட்டுக்கிட்டு நிக்கறா. அவளுக்கே இல்லாத ரோஷம் எனக்கு எதுக்கும்மா?"