மண்டபத்துக்கும் மில்லுக்கும் நடுவே

"டமார்!"

பொன்னனின் பிரேம் கடையில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகள் எல்லாம் ஒருசேரக் கிலுகிலுத்தன. படி ஏறிய சென்னியப்பன் கையிலிருந்த படத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பயந்துக்காதீங்ணா. சாயப்பட்டறைச் சுவத்தை ஜேசிபி இடிக்குது. ஓனரு ஆத்துக்குள்ள கட்டிப்போட்டாராமா," என்றான் பொன்னன், பிரேம் கட்டையை அறுத்துக்கொண்டே. "பாவம், போன மாசம்கூட நம்ம கடைக்கு வந்திருந்தாரு."

"எனக்கென்னப்பா பயம்?" என்று சென்னியப்பன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பள்ளிபாளையம் தாண்டிக் காவிரிக் கரையில் அவர் கட்டியிருக்கும் 'நித்யஸ்ரீ மஹால்' நிற்கிற இடம் நாற்பது வருடம் முன்பு கரை இல்லை, காவிரிதான். அவருடைய அப்பா லாரி லாரியாக மண்ணைக் கொட்டித் தென்னை வைத்தார். மகன் தென்னையை வெட்டிவிட்டு மஹால் வைத்தார். இப்போது மணமேடை இருக்கிற இடத்தில்தான் சென்னியப்பன் சின்ன வயதில் நீச்சல் பழகினார். பத்திரம், பட்டா எல்லாம் பக்கா. முத்திரையின் மை மட்டும் இன்னும் கையில் லேசாக ஒட்டும்.

விஷயம் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு துக்கத்திலும் முதல் மாலை சென்னியப்பனுடையதாகவே இருக்கும்.

தை மாதம் மகள் நித்யஸ்ரீக்கு அதே மஹாலில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்ததைவிட மஹாலைத்தான் அதிக நேரம் சுற்றிப் பார்த்தார்கள். மஹால் போனால் மாப்பிள்ளையும் போய்விடுவார்.

மஹால் வாசலில் மாட்டப் பிரேம் போடுவதற்காகக் கொண்டு வந்த பெரிய பிள்ளையார் படத்தை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தவர், எதிர்ச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

பழுப்பேறிய பழைய போட்டோ ஒன்று, கறுப்புச் சட்டத்துக்குள். இடது பக்கம் கல் மண்டபம். வலது பக்கம் நூல் மில். கீழே வெள்ளை எழுத்தில் 'பழசும் புதுசும் - 1964'. இரண்டும் இன்றைக்கும் அதே இடத்தில் நிற்கின்றன. நடுவே இன்று மஹாலும் இன்னும் இருபது கட்டடங்களும் இருக்கின்றன.

படத்தில் நடுவே வெறும் தண்ணீர். மணமேடைக்கு நேராக ஒருவன் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இதேதுப்பா?"

"பழைய ஸ்டூடியோக்காரங்க ஊட்டைக் காலி பண்றப்பக் கொடுத்ததுங்க. தாலுகா ஆபீஸ் சர்வேயரம்மா பார்த்துட்டு, ஆத்தை ஆக்கிரமிச்சதுக்கு இதுதான் ஆதாரம்னு ஒரே சந்தோஷம். இன்னிக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்னாங்க. கண்ணாடியைத் தொடச்சு வெய்யின்னாங்க, தொடச்சு வெச்சிருக்கறேன்."

"எனக்குக் கொடுத்துருப்பா. மஹால்ல மாட்டினா அம்சமா இருக்கும். என்ன வேணுமோ வாங்கிக்க."

"ஐயோ சாமி, அந்தம்மாவுக்கு வாக்குக் கொடுத்துட்டனுங்களே!"

மண்டு. பிழைக்கத் தெரியாதவன். சென்னியப்பன் மனதுக்குள் திட்டிவிட்டு, வெளியே தேனாகக் குழைந்தார். "சரி, உடு. நம்ம பிள்ளையாருக்குத் தங்கக் கலர்ல ஏதாச்சும் பிரேம் இருந்தாக் காட்டு."

"பின்னாடி குடோன்ல கெடக்குதுங்க. ரெண்டே நிமிஷம்."

ஒரு நிமிஷமே போதுமானதாக இருந்தது. போட்டோவைக் கழற்றி, பிள்ளையாருக்குப் பின்னால் ஒட்டிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். எதிரே வந்த இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திருட்டுப் பொருளுக்கு இவ்வளவு மரியாதை அந்தத் தெருவில் அதுவரை கிடைத்ததில்லை.

மஹாலின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் நேரே ஆறு. எதையாவது ஆற்றில் வீசுவதற்கு அதைவிட வசதியான கட்டடம் சுற்று வட்டாரத்தில் கிடையாது. வீசினார். மண்டபம், மில், பரிசல்காரன் எல்லாம் 'குபுக்' என்று மூழ்கின.

அத்தோடு வீட்டுக்குப் போயிருப்பான் சாதாரணத் திருடன். சென்னியப்பன் சாதாரணத் திருடன் இல்லை. திருடிய கடைக்கு உடனே திரும்பிப் போகிறவனை யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். 'அடடா, அந்தப் படம் எங்கப்பா?' என்று பதறுவதற்கு வழியெல்லாம் முகத்தைத் தயார் செய்துகொண்டே நடந்தார்.

கடையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று பொன்னன் எதையோ மாட்டிக்கொண்டிருந்தான். கீழே நாற்காலியில் நோட்டும் பேனாவுமாக ஒரு பெண்மணி. கழுத்தில் அடையாள அட்டை.

"வாங்ணா, வாங்க. சர்வேயரம்மா அறிவுச்செல்வி இவங்கதான்," என்றபடி பொன்னன் இறங்கினான்.

சென்னியப்பன் சுவரைப் பார்த்தார். அதே ஆணி. அதே கறுப்புச் சட்டம். அதே மண்டபம், அதே மில். பரிசல்காரன் ஈரம்கூடப் படாமல் மணமேடைக்கு நேராக ஓட்டிக்கொண்டிருந்தான்.

வழியெல்லாம் தயார் செய்த முகம் எங்கோ போய்விட்டது. "இந்தப் படம்... இது... இப்பத்தானே..."

"கம்ப்யூட்டர்ல செஞ்சதுங்ணா, இன்னும் நாலு காப்பி இருக்குது," என்ற அறிவுச்செல்வி, நோட்டில் 'நித்யஸ்ரீ மஹால்' என்று நிதானமாக எழுதி அடிக்கோடிட்டுத் தொடர்ந்தாள்.

"அந்தக் காலத்துல ஆறு எதுவரைக்கும் ஓடுச்சுன்னு எங்ககிட்ட ஒரு துண்டுக் காயிதம் இல்லீங்க, அதான் இதை மாட்டி வெச்சோம்; நெசமான பட்டா வெச்சிருக்கறவங்க இதைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க, தூக்கிட்டுப் போனதுல நீங்க ஏழாவது ஆளு."