ஸ்லோ மோஷன் பிரியாணி

மகள் ஷமாவின் கல்யாண டிவிடியைச் சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்து பார்த்த மரியம் பீவிக்கு மானமே போய்விட்டது.

மணப்பெண் நடந்து வருவது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. ஆனால் பந்தியில் மாப்பிள்ளையின் மாமா, உப்பள முதலாளி ஷஃபி, பிரியாணி சாப்பிடுவது மட்டும் ஸ்லோ மோஷன். கவளம் கிளம்பி வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் அவருடைய பாத்தியில் உப்பே விளைந்துவிடும். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். மாமா டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் மரியம் பீவி, மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டூடியோவில் நின்றாள்.

"ஏம்பா புருஷோத்தமா, எங்க சம்பந்தி வீட்டு ஆளைக் கேலி பண்றதுக்கா உன்னைக் கூப்பிட்டோம்?"

கல்யாண வீடியோக்காரர்கள் மாலை மாற்றுவதை இழுப்பார்கள், மணப்பெண் சிரிப்பதை இழுப்பார்கள். பிரியாணியை இழுத்தவனை ஊர் இப்போதுதான் பார்க்கிறது. புருஷோத்தமன் தலையைச் சொறிந்தான். மெஷின் கோளாறு, வேறு டிஸ்க் போட்டுத் தருகிறேன் என்றான்.

"என் எதிர்லயே வெட்டு. துபாய்ல இருக்கிற பஷீருக்கு அனுப்புற டிஸ்க்குலயும் அது இருக்கக் கூடாது."

பஷீர் அவள் மகன். லீவு கிடைக்காமல் தங்கை கல்யாணத்துக்கே வர முடியாதவன். அந்தப் பெயரைக் கேட்டதும் புருஷோத்தமனுக்கு வெட்ட மனசு வரவில்லை. கம்ப்யூட்டரில் அந்த இடத்தை ஓடவிட்டான்.

"மாமாவைப் பாக்காதீங்கம்மா. அவருக்குப் பின்னாடி அந்த நாற்காலியைப் பாருங்க."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பஷீரின் பிள்ளை நின்றிருந்தான். அத்தாவின் முகத்தை இன்னும் நேரில் பார்க்காத பிள்ளை. கையை விட்டான். ஆடினான். ஓர் அடி வைத்தான், இன்னோர் அடி வைத்தான். பொத்தென்று உட்கார்ந்து சிரித்தான்.

அவன் முதன்முதலில் நடந்தது வீட்டில்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணக் கூட்டத்தில் இதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"மொத்தமே ரெண்டு செகண்டும்மா. செகண்டுக்கு இருபத்தஞ்சு படம் ஓடும். ஒவ்வொண்ணையும் நிக்க வெச்சு இழுத்தேன். புள்ளையை மட்டும் பெருசாக்குனா மூஞ்சி புள்ளி புள்ளியா உடையுது, அதான் மாமாவும் கூடவே வர்றாரு."

டிஸ்க் போடுவதற்கு முன்னால் கேமரா கேசட்டை ஓட்டிப் பார்த்தபோது இதைக் கண்டுபிடித்தது ஷமாதானாம். டிஸ்க்கில் இடம் போதாது என்று இவன் சொல்லியிருக்கிறான்.

"நான் நடந்து வர்றதை வெட்டிடுங்க, புள்ளை நடக்கிறதை எங்கண்ணன் நல்லா பாக்கட்டும்னு சொல்லிட்டுதும்மா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னும் சொல்லிச்சு."

மரியம் பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மறுபடியும் போடச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஷஃபி அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். ஏம்பா, இது இன்னும் கொஞ்சம் மெதுவா ஓடாதா?"