குப்பை கேட்டவள்

"அந்தக் குப்பைக் கிடங்கை எங்க வீட்டுக்குப் பின்னாடியே போட்டுடுங்க சார்."

அதுவரை இரைச்சலாக இருந்த கல்யாண மண்டபம் சட்டென்று அடங்கியது. மேடையில் உட்கார்ந்திருந்த பார்த்திபன், பேசியது யார் என்று எட்டிப் பார்த்தான்.

அவன் நகரமைப்புத் துறை அலுவலர். எங்கே வீடு வரலாம், எங்கே கடை, எங்கே சாலை என்று ஊரின் தலையெழுத்தை எழுதிவைத்திருக்கும் பழைய திட்டத்தைத் திருத்த விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கு வந்திருந்தான். மக்களைக் கேட்டுத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. சாலை, தண்ணீர் என்றபோது ஓரளவு ஒத்துப்போனவர்கள், குப்பைக் கிடங்கு என்றதும் எழுந்துவிட்டார்கள். கிழக்கே இருப்பவர்கள் மேற்கே கை காட்டினார்கள். மேற்கே இருப்பவர்கள் ஏரிக்கு அந்தப்பக்கம் காட்டினார்கள். எல்லாருக்கும் கிடங்கு வேண்டும், யார் கண்ணுக்கும் அது தெரியக் கூடாது.

இந்த நேரத்தில்தான் அந்தப் பெண் எழுந்து வந்து கேட்டாள். பெயர் சுமலதா என்றாள். கிணற்றங்கரைத் தெருவில் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். கழுத்தில் அளவு டேப் தொங்க அப்படியே கிளம்பி வந்திருந்தாள்.

முன்வரிசையில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கோபமாக எழுந்தார். "இந்தம்மா பேச்சை எழுதாதீங்க சார். தெருவையே நாசம் பண்ணப் பாக்குது."

அவர் ராஜாங்கம் என்றும், ஊரில் பெரிய கை என்றும் பக்கத்திலிருந்த பேரூராட்சி ஊழியர் காதில் சொன்னார். யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று பார்த்திபன் அவரை உட்காரவைத்துவிட்டு, சுமலதா சொன்னதைக் குறித்துக்கொண்டான்.

குறித்துக்கொண்டானே தவிர, மனசு அதிலேயே நின்றது. எத்தனையோ ஊரில் இப்படிக் கூட்டம் நடத்தியிருக்கிறான். குப்பை வேண்டாம் என்று சாலையில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறான். வேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆள் இவள்தான்.

மறுநாள் காலை அந்த இடத்தைப் பார்க்கப் போனான். தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்த சுமலதா, வீட்டைச் சுற்றிக்கொண்டு அவனைப் பின்பக்கம் அழைத்துப்போனாள். சப்பாத்திக்கள்ளியும் முள்ளும் மண்டிக் கிடந்த அரசுப் புறம்போக்கு. ஆனால் அங்கே நின்று நிமிர்ந்தால் ராஜகிரி முழுசாகத் தெரிந்தது. காலை வெயிலில் பாறைகள் சிவந்து நிற்க, உச்சியில் கோட்டை மதில் கோடு போட்டது போல் ஓடியது. பார்த்திபன் கொஞ்ச நேரம் வந்த வேலையை மறந்து நின்றான்.

பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னான். நாற்றம் வரும், ஈ மொய்க்கும், மழைக்காலத்தில் இன்னும் மோசம், லாரி வந்துகொண்டே இருக்கும். அவள் எல்லாவற்றுக்கும் தெரியும் என்று தலையாட்டினாள். யாராவது தூண்டிவிட்டார்களா என்று கேட்டதற்குச் சிரித்தாள். கிடங்கில் வீட்டு ஆளுக்கு வேலை கிடைக்கும் என்ற எண்ணமா என்றான். அதுவும் இல்லையாம். புருஷன் பஸ் ஓட்டுகிறார், மகள் திண்டிவனத்தில் நர்சிங் படிக்கிறாள்.

இதற்குள் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்கள் எதிர்ப்பார்கள் என்று பார்த்திபன் நினைத்தான். "அது சொல்றதுதான் சார் எங்களுக்கும்" என்றார்கள்.

அவனுக்குத் தலை சுற்றியது. சரி, நல்ல சேதியைச் சொல்லிவிடுவோம் என்று கையிலிருந்த வரைபடத்தை விரித்தான். "இவ்ளோ அழகான இடத்துல குப்பை கொட்ட எனக்கே மனசு வரலைம்மா. இங்க ஒரு பூங்கா போடலாம்னு எழுதப்போறேன். தெருவையும் அகலப்படுத்தி லைட் போட்டுடலாம்."

மூன்று பெண்களின் முகமும் ஒரே நேரத்தில் வாடிப்போனது. சுமலதா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூங்காவெல்லாம் வேணாம் சார்" என்றாள் மெல்ல.

"ஏன்?"

"வேணாம். ரோடும் இப்ப இருக்கிற மாதிரியே இருந்துட்டுப் போவட்டும். குப்பை போடுங்க. இல்லேன்னா முள்ளாவே வுட்டுடுங்க."

பார்த்திபனுக்குப் பொறுமை போய்விட்டது. தெருவுக்குத் தெரு பூங்கா கேட்டு மனு கொடுக்கிறார்கள். அதுவும் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். இந்தத் தெருவில் ஒரு பூங்கா வந்தால் இவர்கள் வாழ்க்கையே மாறிவிடாதா?

"என்னம்மா நீங்க, புரியாமப் பேசறீங்க? பூங்கா வந்தா உங்க வீடு என்ன விலைக்குப் போகும் தெரியுமா? லாட்ஜ் கட்டறேன்னு போட்டி போட்டுக்கிட்டு வருவாங்க."

"இப்பவே வந்து பாத்துட்டுப் போறாங்க சார். மாடியில நின்னா கோட்டை தெரியுமான்னு கேக்கறாங்க. நாத்தம் அடிச்சா வர மாட்டாங்க இல்ல?" சுமலதா வரைபடத்தை மடித்து அவன் கையிலேயே கொடுத்தாள். "விலை ஏறுனா ராஜாங்கத்துக்குத்தான் சார் சந்தோஷம். இந்த மூணு வீடும் அவருது. நாங்க வாடகைக்கு இருக்கறோம்."