கடைசிப் பீப்பாய்

ஒரு வாய் விஸ்கிக்காக ஒரு மனுஷன் வருஷம் முழுக்கக் காத்திருப்பானா? கம்பெனிக்கு ருசி பார்க்கும் அந்தப் பெரியவர் காத்திருந்தார்.

ஸ்காட்லாந்தில் ரயிலில் ஏழு மணி நேரம் வந்து இறங்கியவருக்கு, அங்கே வேலைக்கு வந்திருந்த தமிழனான கிடங்குக்காரன் முப்பது வருஷ ஸ்காட்ச் பீப்பாயைத் திறந்து கோப்பையில் ஊற்றிக் கொடுத்தான். அவர் முகர்ந்தார். வாயில் உருட்டித் துப்பினார்.

"தேறிடுச்சாண்ணே?"

"காரம் அடங்கலப்பா. இன்னும் ஒரு வருஷம் கிடக்கட்டும்."

"நாலு வருஷமா இதே பாட்டு. இது என்ன உங்க கல்யாணமாண்ணே, தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்க?"

"வாயக் குறைடா!"

சிரித்தார்கள். சாயங்காலம் வரை ஊர்க்கதை பேசினார்கள். கிளம்பும்போது ஏட்டில் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று எழுதினார்.

அது பொய். நாலு வருஷம் முன்பே அந்த விஸ்கி பக்குவமாகிவிட்டது. ஆனால் அது கிடங்கின் கடைசிப் பீப்பாய். அது போனால் கிடங்குக்காரனும் வேலை முடிந்து ஊருக்குப் போய்விடுவான். அவரை அண்ணே என்று கூப்பிட அந்த நாட்டில் வேறு ஆள் இல்லை.

மறுநாள் காலை கம்பெனி ஆய்வுக்கூடத்தில் அந்தப் பீப்பாய் விஸ்கியை அளந்தார்கள். கிடந்து கிடந்து ஆவியாகி, ஆல்கஹால் முப்பத்தொன்பது சதவீதமாக இறங்கியிருந்தது. நாற்பதுக்குக் கீழே போனால் விஸ்கி என்று விற்க முடியாது. பத்து மணிக்குக் கிடங்கைப் பூட்டி, கிடங்குக்காரனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.